ஏழாம் எண் கம்பம்

கேன்சஸ் சிட்டி
2 மார்ச் 1998

அன்புள்ள அக்கா ஆர்டீலியாவுக்கு,

தம்பி லூசியன் எழுதுவது. இங்கே பனி விட்டுவிட்டது. நான் சுகமாக இருக்கிறேன். இடது முழங்கால் மட்டும் மழை வருமுன் சேதி சொல்கிறது. உன் ரத்த அழுத்தம் எப்படி? மகள் ரெனீட்டா உன்னை ஒழுங்காக மருத்துவரிடம் அழைத்துப் போகிறாளா?

ஒரு செய்தி. எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன். டன்மோர் பூங்கா நண்பர்கள் சங்கத்தார் ஒரு கையேடு போடுகிறார்கள். வழிகாட்டி யாரும் இல்லாமல், மக்கள் தங்கள் காரிலேயே பூங்காவைச் சுற்றிப் பார்ப்பதற்கான கையேடு. பதினான்கு மைல் சாலை. பதினாறு இடங்களில் எண் எழுதிய மரக்கம்பம். கம்பத்துக்கு ஒரு பத்தி. அந்தப் பதினாறு பத்திகளையும் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நீர் வாரியத்தின் வரைபடப் பிரிவில் முப்பத்தேழு ஆண்டு இருந்தவனுக்குப் பூங்காவின் ஒவ்வொரு குழாயும் தெரியும் என்பது சங்கத் தலைவி கென்ட் அம்மாளின் நம்பிக்கை. குழாய் தெரியும். குழாய்க்கு மேலே இருப்பது தெரியுமா என்பதுதான் என் சந்தேகம். வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லத்தான் போனேன்; வாய் வராமல் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று முதல் சுற்று. மணிக்குப் பதினைந்து மைல் வேகம். தெற்கு வாசலைத் தாண்டியதும் சுண்ணாம்புப் பாறை சாலைக்கு மேல் சாய்ந்து நிற்கிறது. அதன் அடுக்குகளில் பனி உருகி நூறு இடங்களில் ஒரே நேரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அதைக் கடந்ததும் தரை சட்டென்று கீழே இறங்க, எதிரே ஏரி. அக்கா, ஒரு நகரத்துக்கு நடுவே இவ்வளவு பெரிய இடத்தை யாரும் கட்டிடம் கட்டாமல் விட்டு வைத்திருக்கிறார்கள் என்பதையே என்னால் நம்ப முடியவில்லை. எழுபது வயதில் வாயைத் திறந்தபடி ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா நம்மைக் கறுப்புக் காரில் கூட்டிப் போனது நினைவுக்கு வந்தது. "இடது பக்கம் ஏரி, வலது பக்கம் மான். கண்ணக் கொட்டாதீங்க, கொட்டுனா போயிடும்" என்பார். செல்ஃப் எடுக்காத கார்; நிறுத்தினால் மறுபடி கிளம்பாது; ஓடும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். நம்மவர்கள் கூடும் புகை மேட்டில் மட்டும் நிறுத்துவார், அங்கே சரிவில் உருட்டினால் கிளம்பிவிடும் என்பதால்.

அக்டோபர் நான்காம் தேதி தொடக்க விழா. முதல் கார் என்னுடையது. என் பக்கத்து இருக்கையில் நீ உட்கார வேண்டும். ஊரை விட்டுப் போன ஐம்பத்து நான்கு ஆண்டில் நாலு தடவை வந்திருக்கிறாய். ஒரு தடவைகூடப் பூங்கா வாசலைத் தாண்ட நீ சம்மதித்ததில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை. இந்த ஒரு தடவை வா. கையேடு நன்றாக வருமா வராதா என்பதைவிட எனக்கு இதுதான் பெரிது.

உன் பதிலை எதிர்பார்க்கும் தம்பி,
லூசியன்

---

ஓக்லண்ட்
21 மார்ச் 1998

தம்பி லூசியனுக்கு,

அக்காவின் ஆசிகள். ரத்த அழுத்தம் ரெனீட்டாவின் சமையலைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. அவள் உப்பை ஒளித்து வைக்கிறாள், நான் கண்டுபிடிக்கிறேன். நாற்பது வருடம் மருத்துவமனையில் மற்றவர்களை மிரட்டிய நர்சுக்கு இது தேவைதான். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடு, தினமும்.

உனக்கு வேலை கொடுத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு நீ செய்த எதுவும் இதுவரை தப்பாகப் போனதில்லை.

அப்பாவின் சுற்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தெற்கு வாசல், பாறை, ஏரிக்கரை, பிறகு மரக்குதிரை ராட்டினம். அங்கே வேகத்தைக் குறைத்து, பாட்டுக் கேட்பதற்காகக் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்குவார். வளைவு திரும்பும்வரை கேட்கும். பிறகு மான் வேலி, காட்டெருமைப் பட்டி. கடைசியில் கிழக்கு வாசல் வழியாக வெளியே. நாற்பது நிமிடம். உனக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்.

அக்டோபரைப் பற்றி: என் கால் விமானத்தில் அவ்வளவு நேரம் மடங்கியிருக்காது. பார்க்கலாம்.

அன்புடன்,
ஆர்டீலியா

---

கேன்சஸ் சிட்டி
19 ஏப்ரல் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

லூசியனின் வணக்கம். வெந்நீர் ஒற்றடம் பலன் தருகிறது. உன் கால் தேறிவிட்டதா? சென்ற ஆண்டு ஹவாய்க்குப் போனபோது அது நன்றாகவே ஒத்துழைத்ததாக ரெனீட்டா எழுதியிருந்தாள். குத்திக்காட்டவில்லை, விசாரிக்கிறேன்.

ராட்டினத்தைப் பற்றி நீ எழுதியதை நான்காம் எண்ணில் சேர்த்துவிட்டேன். இதுவரை முப்பத்தொரு சுற்று போயாகிவிட்டது. காரின் மைல் கணக்கில் நம்பிக்கை வராமல், பழைய அலுவலகத்தில் அளவுச் சக்கரத்தை இரவல் வாங்கி முதல் இரண்டு மைலை நடந்தே சரிபார்த்தேன். வித்தியாசம் முப்பது அடி. அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் எண்ணில் ஒரு ஓக் மரம். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாததால் பட்டை இடுக்கில் செருகிவிட்டு மரத்தைச் சுற்றி வந்தேன். பதினெட்டு அடி நான்கு அங்குலம். நம்பாமல் மறுபடி அளந்தேன், அதேதான். இந்த ஊர் ஊராகும் முன்பே அது நின்றிருக்கிறது. அண்ணாந்து பார்த்தபோது கை தானாகத் தொப்பியைக் கழற்றியது. அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பூங்காவுக்குள் எஞ்சினை அணைக்க எனக்கு இன்றுவரை கை வருவதில்லை. சின்ன வயதுப் பழக்கம். அன்றைய காரின் செல்ஃப் மட்டும் சரியாக இருந்திருந்தால் இந்த மரத்தடியில் நாமும் இறங்கி நின்றிருப்போம்.

பதினாறு பத்திகளையும் இத்துடன் அனுப்புகிறேன். சங்கத்தாருக்குக் காட்டுமுன் நீ பார்க்க வேண்டும். எனக்கு அதிகம் சந்தேகம் உள்ளது ஏழாம் எண். இப்படி எழுதியிருக்கிறேன்:

"ஏழாம் எண்: புகை மேடு. முன்னாளில் பல குடும்பங்கள் விரும்பிக் கூடிய விருந்து மேடு. புகையில் வேகும் பன்றி விலாவின் மணம் ஏரிவரை வருமாம். நல்ல காற்று வீசும் இடம்."

நீளமா? சுருக்கமா? எழுது.

தம்பி,
லூசியன்

---

கேன்சஸ் சிட்டி
24 மே 1998

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தொலைபேசியில் ரெனீட்டாதான் பேசினாள். "அம்மா நல்லா இருக்காங்க மாமா, தோட்டத்துல இருக்காங்க" என்றாள். மூன்று தடவையும் தோட்டத்தில். உன் வீட்டில் தோட்டம் என்பது நான்கு தொட்டி என்று எனக்குத் தெரியும்.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? என் பிரதியை எடுத்துத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். இதற்குள் சங்கத்தார் படித்துவிட்டார்கள். கென்ட் அம்மாளுக்கு ரொம்பத் திருப்தி. "படிக்கப் படிக்கக் காத்து வாங்கற மாதிரி இருக்கு" என்றார். அந்தப் பாராட்டு என்மேல் ஒட்டவில்லை. காரணம் தெரியவில்லை.

போன வாரம் பெருமழை. மறுநாள் போனேன். பாறையிலிருந்து வழிந்த தண்ணீர் சாலையைக் கடந்து நூறு கிளையாகப் பிரிந்து ஏரிக்கு ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தேழு வருடம் தண்ணீரைக் காகிதத்தில் கோடாக வரைந்தவன் நான். கோடே இல்லாமல் அது தன் வழியை எப்படித் தெரிந்து வைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் சொல்லத் தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

ஒரு வரியாவது எழுது.

லூசியன்

---

ஓக்லண்ட்
10 ஜூன் 1998

தம்பி,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் நலம் என்று நம்புகிறேன்.

உன் பிரதி வந்த அன்றே படித்தேன். ஏழாம் எண்ணுக்கு வந்ததும் மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தேன். ஆறாது என்று தெரிந்துவிட்டது, எழுதுகிறேன்.

விரும்பிக் கூடிய மேடு. யார் விரும்பினார்கள்? ஆயிரத்து எண்ணூறு ஏக்கரில் நம் கறுப்பு ஜனம் கால் வைக்கலாம் என்று விட்ட ஒரே இடம் அது. உனக்குத் தெரியாததா? நீ படித்தவன். கென்ட் அம்மாள் உன்னை அப்படி எழுதச் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். யாரும் கேட்காமல் நீயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாய்.

இன்னொன்று. அறுபத்து மூன்று வருடமாக நான் சொல்லாதது. அந்தக் காரின் செல்ஃபில் ஒரு கோளாறும் இல்லை. தினமும் விடியுமுன் அதைக் கிளப்பிக்கொண்டுதான் அப்பா இறைச்சிக் கூடத்து வேலைக்குப் போவார். தொட்டால் கிளம்பும். எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது ராட்டினத்தில் ஒரே ஒரு தடவை ஏற வேண்டும் என்று காரில் அடம்பிடித்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வண்டி நல்லாத்தான் இருக்கு, கண்ணு. நம்மள இறங்க விடமாட்டாங்க. தம்பிகிட்ட சொல்லாத. அவனாவது பூங்காவப் பாக்கட்டும்."

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நீ ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு "ஓ, ஓ" என்பாய். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து, நிறுத்த முடியாத இடங்களை எண்ணிக்கொண்டு வருவேன். வளர்ந்ததும் உனக்கே புரியும் என்று விட்டுவிட்டேன். இப்போது எழுபது வயதில் அந்த செல்ஃபைப் பற்றி எனக்கே எழுதுகிறாய்.

அந்தப் பத்தி அப்படியே அச்சாகும் என்றால் அக்டோபரில் என்னை எதிர்பார்க்காதே. இந்தத் தடவை காலைச் சாக்குச் சொல்லவில்லை, கவனித்துக்கொள்.

ஆர்டீலியா

---

கேன்சஸ் சிட்டி
27 ஜூன் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். நீ நலமா?

உன் கடிதத்தை மேசைமேல் வைத்து இரண்டு வாரம் அதைச் சுற்றி நடந்தேன். பூங்காவின் சட்டம் எனக்குத் தெரியும். 1954-ல் அது நீங்கிய செய்தியைப் பத்திரிகையிலிருந்து வெட்டி இன்றும் வைத்திருக்கிறேன். ஆனால் அந்தச் சட்டம் ஒரு பெட்டியிலும் அப்பாவின் கார் இன்னொரு பெட்டியிலும் இருந்தன. இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்க எனக்குத் தோன்றியதே இல்லை. இல்லை, பயந்தேன் என்று சொல்வதுதான் சரியோ. அதுவும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் தெரிகிறது. வாரத்தில் ஆறு நாள் பத்துப் பத்து மணி நேரம் ரத்தத்தில் நின்று வேலை செய்த மனிதர், ஏழாம் நாள் பெட்ரோல் போட்டு, தன்னை இறங்கவிடாத இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். ஒரு பிள்ளை வாயைப் பிளந்து பார்ப்பதற்காக, நல்ல கார்மேல் பழி போட்டிருக்கிறார். புகை மேட்டில் சரிவில் உருட்டிக் கிளப்பினோமே, நினைவிருக்கிறதா? மாமாக்கள் நாலு பேர் பின்னால் நின்று தள்ளினார்கள். "தள்ளுடா, இன்னும் தள்ளு" என்று அப்பா உள்ளேயிருந்து கத்துவார். தள்ளத் தேவையே இல்லாத காரை அத்தனை பெரியவர்களும் வியர்க்க வியர்க்க எனக்காகத் தள்ளியிருக்கிறார்கள். சிரிக்காமல். பாறையைக் கண்டு வியந்தேன், மரத்தைக் கண்டு வியந்தேன் என்று உனக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். இதற்கு என்னிடம் சொல் இல்லை.

செவ்வாய்க்கிழமை சங்கக் கூட்டம். ஏழாம் எண்ணை மாற்ற வேண்டும் என்று சொல்ல எழுந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூன்றாம் எண்ணில் ஓர் அளவைத் திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்து கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அந்தப் பத்தியை இதுவரை பதினொரு தடவை எழுதிக் கிழித்தாயிற்று. ஒன்று புலம்பலாக வருகிறது. ஒன்று சண்டைக்குப் போகிறது. அது என் குரலே இல்லை. ஒன்று மன்னிப்புக் கேட்கிறது, யாரிடம் எதற்கு என்று தெரியாமல். ஆகஸ்ட் முதல் தேதி கையேடு அச்சுக்குப் போகிறது.

உன் தம்பி,
லூசியன்

---

ஓக்லண்ட்
6 ஜூலை 1998

தம்பி லூசியனுக்கு,

சுகம். தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா? இரண்டையும் விடாதே.

அழுகையும் சண்டையும் உனக்கு வராது. ஏன் அதை முயற்சி செய்கிறாய்? உனக்கு வருவது குழாய். அடிமைத்தனம் ஒழிந்த விடுதலை நாள் விருந்துக்கு அந்த மேட்டில் ஐந்நூறு பேர் கூடுவோம். தண்ணீர் பிடிக்க என்னையும் உன்னையும் அம்மா வாளியோடு அனுப்புவாள். வரிசை சரிவின் அடிவரை நிற்கும். குழாய் ஒன்றுதான். நூல் மாதிரி வரும். மற்ற இடங்களில் எத்தனை இருந்தன? அந்தக் காகிதங்கள் உன் பழைய அலுவலகத்தில்தானே இருக்கின்றன.

இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது.

ஆர்டீலியா

---

கேன்சஸ் சிட்டி
2 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

லூசியனின் வணக்கம். நேற்று ஒன்பது மணி நேரம் தூங்கினேன். நீ சுகம்தானே?

நீ சொன்னபடி நீர் வாரியத்துக்குப் போய்ப் பூங்காவின் குழாய் வரைபடத்தைக் கேட்டு வாங்கினேன். பெரிய தாள், இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு விரித்தேன். 1922-ன் மூலப் படம் சிதைந்ததால் 1955-ல் மறுபடி மை போட்டு வரைந்த பிரதி அது. வரைந்தவர் என்ற இடத்தில் இருந்த கையெழுத்து என்னுடையது. அக்கா, அந்தக் குழாய்கள் ஒவ்வொன்றையும் வரைந்தவன் நான். மேட்டுக்குப் போகும் கோட்டை நானே இழுத்திருக்கிறேன், மற்றவற்றைவிட மெல்லிய பேனாவால், கோணாமல், மிகச் சுத்தமாக. அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். மூன்று தடவை.

ஏழாம் பத்தி இப்போது இது:

"ஏழாம் எண்: புகை மேடு. வண்டியை நிறுத்தவும். 1954 வரை, கறுப்பின மக்கள் இந்தப் பூங்காவில் காரை விட்டு இறங்க அனுமதி இருந்த ஒரே இடம் இந்த மேடு. அந்நாளில் பூங்காவில் அறுபத்திரண்டு குடிநீர்க் குழாய்கள் இருந்தன. அறுபத்தொன்று பூங்காவின் மற்றப் பகுதிகளில். ஒன்று இங்கே. விடுதலை நாளில் ஐந்நூறு பேர் அதில் தண்ணீர் பிடித்தார்கள். அதன் அகலம் முக்கால் அங்குலம். குழாய் இன்னும் இருக்கிறது. தண்ணீர் வருகிறது, குடிக்கலாம்."

கூட்டத்தில் இதைப் படித்தேன். முடித்ததும் ரஸ்க் என்ற உறுப்பினர், நல்ல மனிதர்தான், தொண்டையைச் செருமினார்.

"லூசியன், குடும்பத்தோட ஜாலியா வர்றவங்க படிக்கிற புத்தகம் இது. இது கொஞ்சம் பெரிசா தெரியலையா?"

"முக்கால் அங்குலம்தாங்க" என்றேன்.

கிண்டலாகச் சொல்லவில்லை. அளவைக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். யாரோ சிரித்து உடனே அடக்கிக்கொண்டார்கள். ஆனால் நான் உட்காரவில்லை. வரைபடத்தை விரித்துக் காட்டினேன். எல்லோரும் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். கென்ட் அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் அந்த ஒரு கோட்டையே பார்த்தார். வெள்ளைக்கார அம்மாள், அவருக்கும் என் வயது இருக்கும்.

"நான் சின்னப் பொண்ணா இருக்கறப்ப அந்த மேட்டுலேருந்து புகை வரும்" என்றார். "ஊர்லயே நல்ல விருந்து அங்கதான் நடக்குதுன்னு, என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னு அழுவேன். அவங்களுக்கு அந்த இடம்தான் பிடிக்கும், நாம போய்த் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு எங்கம்மா சொல்வாங்க. இந்த நிமிஷம் வரைக்கும் நான் அதத்தான் நம்பிக்கிட்டிருந்தேன், லூசியன்."

கை தூக்கச் சொன்னார். ஆதரவாக ஐந்து, எதிராக இரண்டு. நேற்று அச்சகத்துக்குப் போய்விட்டது. பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இனி நான் எதுவும் கேட்கவில்லை. பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். அவ்வளவுதான் சொல்வேன்.

தம்பி,
லூசியன்

---

ஓக்லண்ட்
8 செப்டம்பர் 1998

தம்பி லூசியனுக்கு,

அக்காவின் ஆசிகள். எல்லோரும் சுகம்.

பிரதியைப் படித்தேன். ஒரு மாதமாகக் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன். தேவாலயத்தில் நாலைந்து பேருக்குப் படித்தும் காட்டினேன். என் தம்பி எழுதியது என்றேன்.

வருகிறேன். அக்டோபர் இரண்டாம் தேதி மாலை விமானம். திங்கட்கிழமை திரும்பிவிட வேண்டும். காரில் உன் பக்கத்தில் உட்காருவேன். ஆனால் இறங்க மாட்டேன். ஏழாம் எண்ணிலும் இறங்க மாட்டேன். கெஞ்சாதே.

வந்த அன்று எனக்கு மாட்டு நெஞ்சுக்கறியின் கருகிய ஓரத்துண்டுகள் வேண்டும், பழைய கடையிலிருந்து. ரெனீட்டாவுக்குத் தெரிய வேண்டாம்.

ஆர்டீலியா

---

ஓக்லண்ட்
14 அக்டோபர் 1998

அன்புள்ள மாமாவுக்கு,

ரெனீட்டா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

அம்மாவை என்ன செய்து அனுப்பினீர்கள்? திங்கட்கிழமை வர வேண்டியவர் வெள்ளிக்கிழமை வந்தார். தேவாலயத்துக்கு மட்டும் போடும் வெண்ணெய் நிறக் கோட்டின் பின்புறம் முழுக்கப் பச்சைக் கறை. கீழே விழுந்துவிட்டாரோ என்று பதறிப்போனேன். "விழலடி. மாமாவக் கேளு" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். பாத்திரம் கழுவும்போது பாட்டு வேறு முணுமுணுக்கிறார். முப்பது வருடத்தில் நான் கேட்காத பாட்டு. ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. கருகிய துண்டுகளின் விஷயம் எனக்குத் தெரியும்.

என்ன நடந்தது என்று விவரமாக எழுதுங்கள். அந்தக் கறையை எப்படி எடுப்பது என்றும் எழுதுங்கள்.

உங்கள் ரெனீட்டா

---

கேன்சஸ் சிட்டி
22 அக்டோபர் 1998

அன்புள்ள மருமகள் ரெனீட்டாவுக்கு,

மாமாவின் ஆசிகள். முழங்கால் ஒரு வாரம் படுத்தி எடுத்தது. காரணம் கீழே வரும். கருகிய துண்டுகளுக்கு நானே பொறுப்பு.

நான்காம் தேதி இரண்டு மணிக்குத் தெற்கு வாசலில் இருபத்திரண்டு கார்கள் நின்றன. முதல் கார் என்னுடையது. உன் அம்மா கோட்டின் எல்லாப் பொத்தானையும் போட்டு, மடியில் கைப்பையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வாசலைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டாள். பாறைக்கு அருகில் திறந்தாள்.

ஏழாம் எண்ணில் எல்லோரும் இறங்கினார்கள். நான் பத்தியைப் படித்தேன். ஒவ்வொருவராக அந்தக் குழாயில் தண்ணீர் குடித்தார்கள். யாரும் சொல்லாமலே வரிசையில் நின்று. ரஸ்க் தன் தொப்பியில் பிடித்துக் குடித்தார். உன் அம்மா காரிலேயே இருந்தாள். சொன்ன வார்த்தையைக் காப்பவள், நானும் அழைக்கவில்லை.

இது நடந்தது பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில். அங்கே ஒன்றுமில்லை. வெறும் புல்வெளி, கொஞ்சம் மேடு பள்ளம், தொலைவில் மரங்கள். நாற்பது தடவைக்கு மேல் கடந்திருக்கிறேன். எழுத எதுவும் இல்லையென்று கம்பம் நடாமல் விட்ட இடம்.

"நிறுத்து" என்றாள்.

"இங்க ஒண்ணும் இல்லக்கா. அடுத்த கம்பத்துக்கு இன்னும் அரை மைல் இருக்கு."

"அதான் நிறுத்துங்கறேன்."

நிறுத்தினேன். அவளே கதவைத் திறந்து இறங்கினாள். முப்பது அடி நடந்திருப்பாள். நின்று சுற்றிலும் பார்த்தாள். பிறகு ஒரு கையைத் தரையில் ஊன்றி, மெதுவாக, அந்த நல்ல கோட்டோடு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். காலை நீட்டிக்கொண்டாள்.

பின்னால் இருபத்தொரு காரும் நின்றுவிட்டன. இதுவும் ஒரு நிறுத்தம் என்று நினைத்து எல்லோரும் கையேட்டோடு இறங்கினார்கள். பக்கத்தைப் புரட்டுகிறார்கள், மரத்தைப் பார்க்கிறார்கள், வானத்தைப் பார்க்கிறார்கள். கென்ட் அம்மாள் என்னிடம் வந்து மெதுவாக, "லூசியன், இங்க எதப் பாக்கணும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் உன் அம்மாவைப் பார்த்தார். பிறகு போய் ஓர் அடி தள்ளி அவரும் உட்கார்ந்தார். "ஈரமா இருக்கே" என்றார். "இருக்கட்டும்" என்றாள் உன் அம்மா.

அப்போது பூங்காக் காவலரின் வண்டி வந்தது. சாலையை அடைத்து இருபத்திரண்டு கார்கள். சீருடை போட்ட இளைஞன் இறங்கி வந்தான். வெள்ளைக்காரப் பையன், இருபத்தைந்து வயது இருக்கும். அவனிடம் போய் ஏதாவது சமாதானம் சொல்ல வேண்டும் என்று என் கால் தானாகக் கிளம்பியது. அதற்குள் அவன் உன் அம்மாவுக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தான்.

"உடம்பு சரியில்லையாம்மா?"

"நல்லா இருக்கேன் தம்பி. உக்காந்திருக்கேன்."

"எவ்வளவு நேரம் இருப்பீங்க?"

"தெரியல."

ரெனீட்டா, அவன் நின்ற கார்களைத் திரும்பிப் பார்த்தான். "சரிம்மா" என்றான். தன் வண்டியைக் கடைசிக் காருக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, விளக்கைச் சுழலவிட்டு, வருகிற வண்டிகளை வேறு வழியில் திருப்பிவிட ஆரம்பித்தான்.

நான் திரும்பி வந்து எஞ்சினை அணைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தப் பூங்காவைப் பற்றி ஒரு கையேடே எழுதியவன் நான். தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்ததில்லை. கார் ஜன்னலிலிருந்து அது படம் மாதிரி ஓடும். கீழே உட்கார்ந்தால் ஓடுவதில்லை. புல் நம் தோள்வரை வருகிறது, அதற்கு மேல் எல்லாமே வானம். இவ்வளவு வானம் இங்கே இருந்ததை நான் எங்கும் எழுதவில்லை. சிலர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. உன் அம்மா உள்ளங்கையால் புல்லைத் தடவிக்கொண்டே இருந்தாள், குழந்தைக்குத் தலை வாருவது போல. ஒரு மணி ஐந்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன்.

எங்கள் மூன்று பேரையும் தூக்கி நிறுத்த அந்தக் காவலரும் ரஸ்க்கும் இன்னும் இரண்டு பேரும் வேண்டியிருந்தது. என் முழங்கால் போனது அப்போதுதான். மறுநாள் திங்கட்கிழமை, விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்றேன். மறுபடி அங்கே போகலாம் என்றாள். போனோம். செவ்வாயும் போனோம். புதன் மழை, குடையோடு போனோம்.

புல் கறைக்கு வினிகரைக் குளிர்ந்த நீரில் கலந்து அரை மணி ஊறவைத்தால் போதும் என்று ஒரு புத்தகத்தில் பார்த்தேன். நீ கேட்டாய், அதனால் எழுதுகிறேன். ஆனால் கோட்டை வாளியில் போடுமுன் உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

உன் மாமா,
லூசியன்